நாள்பட்ட மனச்சோர்வு: உங்கள் வீட்டில் எப்படித் தெரிய வந்தது?

என் அக்கா வேலைக்குப் போவார், சமைப்பார், விசேஷம் என்றால் வந்து மொய் எழுதிவிட்டுப் போவார். அழுதுகொண்டு படுத்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். "அவ சுபாவமே அமைதி" என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு உறைத்தது காய்கறி வண்டி வந்த ஒரு காலையில். ஒரு கட்டுக் கீரைக்கே விடாமல் பேரம் பேசுகிறவர், கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, சொத்தைக் கத்தரிக்காயைக்கூடப் பொறுக்கித் தள்ளாமல் உள்ளே போனார். அப்புறம் கவனித்தால், விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்".

"கோயிலுக்குப் போயிட்டு வா" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "புதன்கிழமை லீவு போட்டிருக்கேன், டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்" என்றேன். மறுக்காமல் கிளம்பினார்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முதலில் தைராய்டு பரிசோதனை எழுதினார்கள். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வருமாம். அதில் கோளாறில்லை. எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, "பாப்பா பொறந்ததுலேர்ந்தே" என்றார் அக்கா. பாப்பா இப்போது ஆறாம் வகுப்பு! பெரியவர்களுக்கு 2 வருடத்துக்கு மேல் விடாமல் நீடிக்கும் இந்த வகைக்கு டிஸ்தீமியா என்று பெயராம்.

அன்று திரும்பி வரும்போது நேராகவே கேட்டேன்: "செத்துடலாம்னு தோணுதாக்கா?" கொஞ்ச நேரம் கழித்து, "தூங்கினா எழுந்திருக்காமலே போயிடணும்னு தோணும்" என்றார். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. தயவுசெய்து கேளுங்கள். அதை டாக்டரிடமும் சொன்னோம்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரம் குமட்டல். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் தொடர்ந்தோம். இப்போது கொஞ்சம் தேவலை. போன வாரம் என் சட்டை கேவலமாக இருக்கிறது என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

*

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு. சோகமே தெரியாது, எரிச்சல்தான். தட்டை நகர்த்தினால்கூடக் கோபம், ஓயாத முதுகுவலி. ஆண்களுக்கு மனச்சோர்வு இப்படியும் வரும். "எனக்கென்ன பைத்தியமா?" என்று டாக்டரிடம் வர மறுத்தார். நான் 14416-க்குப் பேசினேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022-இல் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம். நோயின் பெயரை இழுக்காமல், "தூக்கம் சரியில்லை, அதுக்குப் பார்க்கலாம்" என்று தொடங்கச் சொன்னார்கள். தூக்கத்துக்கென்றால் சரி என்று வந்தார்.