ஓஎஸ்/2-ஐத் திறமூலமாகத் திரும்ப எழுதலாமா? கெர்னலில் தொடங்குவதா, ஷெல்லில் தொடங்குவதா?

வார்ப்4:
வணக்கம். ஐபிஎம்மின் பழைய இயங்குதளமான ஓஎஸ்/2-ஐ அடியிலிருந்து திறமூலமாக எழுதலாம் என்று நாங்கள் நாலு பேர் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2005 டிசம்பரில் ஐபிஎம் விற்பனையை நிறுத்தியது, 2006 கடைசியோடு வழக்கமான ஆதரவும் முடிந்தது. மூலநிரலைத் திறந்து விடுங்கள் என்று பயனர்கள் கையெழுத்துத் திரட்டி மனு கொடுத்தும் ஐபிஎம் இசையவில்லை. மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து எழுதிய பகுதிகள் உள்ளே இருக்கும்போது இனிமேலும் அது நடக்காது. நாமே எழுதுவதுதான் வழி.
திட்டம் இது: சொந்தக் கெர்னல் (வன்பொருளை ஆளும் மையப் பகுதி), அதன்மேல் டாஸ்கால்ஸ் (நிரல்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்டு அழைக்கும் செயல்களின் தொகுப்பு), பிரசென்டேஷன் மேனேஜர் (ஜன்னல்களை வரையும் அடுக்கு), கடைசியில் ஒர்க்பிளேஸ் ஷெல் (பயனர் பார்க்கும் மேசைத்திரை). பழைய நிரல்கள், வன்பொருளை இயக்கும் பழைய டிரைவர்கள் இரண்டும் மாற்றமில்லாமல் ஓட வேண்டும். குறை இருந்தால் சொல்லுங்கள்.

நிரலன்:
நண்பரே, கெர்னலில் கை வைத்தால் ஷெல்லுக்கு வரவே மாட்டீர்கள். பி நிறுவனத்தின் இயங்குதளமான பிஓஎஸ்ஸைப் பாருங்கள். 2001-ல் பி நிறுவனத்தின் சொத்துகளை பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கிய சமயத்தில்தான், அதைத் திறமூலமாகத் திரும்ப எழுதும் ஓப்பன்பிஓஎஸ் தொடங்கியது, இன்றைய ஹைக்கூ. முதல் ஆல்ஃபா 2009-ல், முதல் பீட்டா 2018-ல். அவர்கள் வெறுங்கையோடு தொடங்கவும் இல்லை. முன்னாள் பி பொறியாளர் எழுதிய நியூஓஎஸ் கெர்னல் கையில் இருந்தது, கோப்பு மேலாளரான டிராக்கரையும் பணிப்பட்டையான டெஸ்க்பாரையும் பி நிறுவனமே திறந்து விட்டிருந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது? மைக்ரோசாஃப்டின் பழைய டாஸைத் திரும்ப எழுதிய ஃப்ரீடாஸ்கூட 1994-ல் தொடங்கி 2006-ல்தான் 1.0-வைத் தொட்டது. அது வெறும் டாஸ்!
ஓஎஸ்/2-வின் எல்எக்ஸ் வடிவ நிரல்களை லினக்ஸில் ஏற்றி ஓட்ட 2ஐன் என்று ஒரு திட்டம் ஏற்கெனவே உண்டு, விண்டோஸ் நிரல்களை வைன் ஓட்டுவதைப் போல. அங்கே போய்ச் சேருங்கள்.

வார்ப்4:
நீங்கள் காட்டும் ஹைக்கூவே எனக்குத்தான் சாட்சி. அதே பிஓஎஸ்ஸை லினக்ஸ் கெர்னல்மேல் கட்டுகிறோம் என்று புளூஐட்ஓஎஸ் கிளம்பியது. இன்று அதை யார் பயன்படுத்துகிறார்கள்? கெர்னலிலிருந்து மேசைவரை ஒரே கையால் எழுதிய உணர்வு ஹைக்கூவில் இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் இன்னும் வருகிறார்கள். காலம் ஆகும்தான். ஆகட்டுமே.

கயல்:
அண்ணா, டிரைவர் பற்றி மட்டும் கேட்கிறேன். ஓஎஸ்/2-வின் வார்ப் 4 பதிப்பு வரைக்கும் வன்பொருள் டிரைவர்கள் 16 பிட்தான். அவை ஓடுவதற்காகவே உங்கள் கெர்னல் அந்தக் காலத்து அமைப்பை அப்படியே சுமக்க வேண்டும். அந்த ஒலி அட்டையும் ஸ்கஸி அட்டையும் இன்று யாரிடம் இருக்கின்றன? புதுக் கணினிக்குத்தான் வேண்டும் என்றால் ஓஎஸ்/2-வின் இன்றைய வாரிசான ஆர்காஓஎஸ் விற்பனையில் இருக்கிறது, 2023-ல் வந்த அதன் 5.1 பதிப்பு, புதுக் கணினிகளைத் தொடக்கும் யுஇஎஃப்ஐயிலும் ஏறுகிறது. அதோடு போட்டியிட நாலு பேர் போதாது.
எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய வார்ப் இயந்திரம் இருந்தது. அதில் நான் மயங்கியது கெர்னலைப் பார்த்து இல்லை. ஒரு கோப்புக்கு நிழல் (ஷெல்லின் குறுக்குவழி) எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மூலக் கோப்பை வேறு கோப்புறைக்கு நகர்த்தினேன். நிழல் அறுந்து போகவில்லை, போன இடத்தையே காட்டியது. டெம்ப்ளேட்டை இழுத்தால் திண்டிலிருந்து தாள் கிழிப்பதுபோல் புதுக் கோப்பு வந்து விழுந்தது. 1992-ல் 2.0 பதிப்பிலேயே இதெல்லாம் இருந்திருக்கிறது. இன்று என் மடிக்கணினியில் ஒரு கோப்புறையை நகர்த்தினால் பாதி குறுக்குவழிகள் செத்துப்போகின்றன. நாம் காப்பாற்ற வேண்டியது ஷெல்லைத்தான் என்பது என் கருத்து. அதற்கு அடியில் இருக்கும் சோம் என்ற பொருள் (ஆப்ஜெக்ட்) அமைப்பை முதலில் எழுதுங்கள்.

நிரலன்:
கயல் சொல்வது என் கட்சிக்கே பலம். லினக்ஸ்மேல் இதைக் கட்டலாம், ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ஷெல் தன் நினைவில் பாதியைக் கோப்புகளின் நீட்டிப் பண்புகளில் (கோப்போடு ஒட்டியிருக்கும் கூடுதல் தகவல்களில்) வைக்கிறது, ஒரு கோப்புக்கு 64 கேபி வரை. லினக்ஸின் கோப்பு முறைமைகளில் ஈஎக்ஸ்டி4-ன் இயல்பான அமைப்பில் அவ்வளவு கொள்ளாது, எக்ஸ்எஃப்எஸ் தாங்கும். 16 பிட் நிரல்களையும் 64 பிட் லினக்ஸ் ஓட்டும், பழைய விண்டோஸ் நிரல்களை வைன் அப்படித்தான் ஓட்டுகிறது.
வார்ப்4, இன்னொன்று. ஐபிஎம்மே மைக்ரோகெர்னல் என்ற மிகச் சிறிய கெர்னல்மேல் ஓஎஸ்/2-ஐத் திரும்ப எழுதப் பார்த்தது. பவர்பிசி சில்லுக்கான அந்தப் பதிப்பு எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது? அவர்களிடம் பணமும் இருந்தது, மூலநிரலும் இருந்தது.

வார்ப்4:
அது தோற்றது ஒரே கெர்னல்மேல் பல இயங்குதளங்களை ஏற்றப் பார்த்ததால். நாங்கள் ஒன்றைத்தான் எழுதப்போகிறோம். லினக்ஸில் ஒரு ஜன்னலுக்குள் ஓடும் ஷெல்லை ஓஎஸ்/2 என்று அழைக்க என்னால் முடியாது.

பெரியவர்_80286:
தம்பிகளா, இரண்டு கட்சியும் விட்டுவிட்டதைச் சொல்கிறேன். முதல் வரி எழுதும் முன்பே விதியை எழுதி வையுங்கள்: ஐபிஎம்மின் மூலநிரலை எந்த வழியிலாவது பார்த்தவர் இதில் நிரல் எழுதக் கூடாது. ஒருவர் பழைய கோப்பை ஆராய்ந்து நடத்தையை மட்டும் ஆவணமாக்கட்டும், எழுதுபவர் அந்த ஆவணத்தை மட்டும் பார்த்து எழுதட்டும். விண்டோஸைத் திறமூலமாகத் திரும்ப எழுதும் ரியாக்ட்ஓஎஸ் மீது, மைக்ரோசாஃப்டின் நிரல் அதில் கலந்திருக்கிறதா என்று 2006-ல் சந்தேகம் கிளம்பியபோது, மொத்த நிரலையும் தணிக்கை செய்ய வேண்டி வந்தது. வருடக்கணக்கில் உழைத்தவர்கள் தம் நிரலுக்குத் தாமே சாட்சி தேடினார்கள். அந்த நிலை உங்களுக்கு வேண்டாம். யார் என்ன பார்த்தார் என்பதை முதல் நாளிலிருந்தே பதிவு செய்யுங்கள்.

வார்ப்4:
ஐயா, இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் நாலு பேரில் ஒருவர் ஐபிஎம் மூலநிரலின் ஒரு பகுதியைப் பார்த்திருக்கிறார். அவரிடம் இன்றே பேசுகிறேன், ஆவணப் பக்கம் இருப்பார்.
பழைய டிரைவர் ஆசையை விடுகிறேன், கயல் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. கெர்னலை விடவில்லை. ஆனால் டாஸ்கால்ஸ் எந்தக் கெர்னலுக்கும் வேண்டும், ஆகவே அதில் தொடங்குகிறோம். என்னிடம் இருக்கும் வட்டுகளில் உள்ள நிரல்கள் ஒவ்வொன்றும் டாஸ்கால்ஸில் எந்தெந்த எண்ணுள்ள செயலை அழைக்கின்றன என்று பட்டியல் எடுத்து ஞாயிறுக்குள் இங்கே போடுகிறேன். கயல், சோம் பற்றிய ஆவணத்தை நீங்கள் எழுத முடியுமா?

கயல்:
எழுதுகிறேன் அண்ணா. நிழலிலிருந்து தொடங்குகிறேன்.