மஞ்சள் துரு நீலகிரியில இருந்தா போகுது? யாருங்க சொன்னது?

குன்னூரான்:
பஞ்சாப்ல பிபிடபிள்யூ 343ங்கிற கோதுமை ரகம் மஞ்சள் துரு நோயில விழுந்ததுக்கு நீலகிரிதான் காரணம், நோய் வித்து இங்க இருந்துதான் காத்துல போச்சுன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்காரு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. மஞ்சள் துரு கோதுமை இலையில மஞ்சப்பொடியா வர்ற, குளிர் தேடுற பூஞ்சை, அது வடக்க இமயமலைப் பக்கம் இருந்து இறங்குது. இங்க இருந்து போறது கருந்துருங்கிற வேற வகை. பழுப்புத் துரு ரெண்டு பக்கமும் இருந்து வரும்.

விதைப்பெட்டி:
எழுதினது நான்தான். நீலகிரி, பழனி மலையில வருஷம் பூரா கோதுமை நிக்கிறதால துரு அங்கயே உயிரோட இருந்து சமவெளிக்குப் பரவுதுன்னு கோதுமைத் துருவ ஆராய்ஞ்ச மேத்தா அப்பவே சொல்லிட்டாரு. நீங்க மேத்தாவ விட பெரிய ஆளா?

குன்னூரான்:
மேத்தா சொன்னத முழுசா படிங்க சார், எந்த துருன்னு பாருங்க. மஞ்சள் துரு இல்ல.

விதைப்பெட்டி:
அப்போ ஊட்டிப் பக்கம் மஞ்சள் துரு வர்றதே இல்லையா?

குன்னூரான்:
வருது, யார் இல்லன்னா? ஆனா மலைய விட்டு இறங்கினா நடுவுல இருக்குற வெயில்ல அது நிக்காது, பஞ்சாப் எப்படிப் போகும், ரயில் ஏறியா?

லூதியானா தமிழன்:
வித்து எங்க இருந்து வந்தா என்னண்ணே? பிபிடபிள்யூ 343 1995ல வந்த ரகம், நல்ல விளைச்சல்னு பஞ்சாப் ஹரியானா பூரா அதையே போட்டாங்க, அதுல மஞ்சள் துருவத் தடுத்துக்கிட்டிருந்த ஒய்ஆர் 27 ஜீனத் தாண்டுற பூஞ்சை இனம் வந்ததும் மொத்தமா மாட்டிக்கிச்சு. இங்க ஜனவரி பனியில வயலுக்குள்ள நடந்தா பேன்ட் முழங்கால் வரைக்கும் மஞ்சப்பொடி ஒட்டும், இலைய விரல்ல தேச்சா மஞ்சள் அரைச்ச கை மாதிரி ஆயிடும். 2011ல வந்த எச்டி 2967 ரகத்துக்கும் அப்புறம் இதே கதிதான்.

விதைப்பெட்டி:
அதெல்லாம் சரி தம்பி, வித்து எங்க இருந்து வந்துச்சு, அதச் சொல்லு.

குன்னூரான்:
வடக்க இருந்து! இவர் போன மாசம் இலை நுனி கருகுறத நோய்னு சொல்லி எல்லாரையும் மருந்தடிக்கச் சொன்னவருதானே. எல்ஆர் 34 ஜீன் இருக்குற ரகத்துல நுனி அப்படித்தான் காயும், அது துருவ மெதுவாக்குற ஜீன், விவசாயி கும்பிட வேண்டிய ஜீன்.

விதைப்பெட்டி:
பழசக் கிளறாதீங்க. நீங்களும்தான் சம்பா கோதுமைக்கு துருவே வராதுன்னு சத்தியம் பண்ணீங்க.

குன்னூரான்:
நல்லா தாங்கும்னு சொன்னேன், வரவே வராதுன்னு எப்ப சொன்னேன்? எடுத்துப் போடுங்க பார்ப்போம்.

வயல்வரப்பு:
ஐயா, மஞ்சள் துருவுக்கு புரோபிகோனசோல் பூஞ்சை மருந்த எப்ப அடிக்கணும்? பேச்சுவாக்குல அதையும் சொல்லுங்க.

லூதியானா தமிழன்:
வயல்ல முதல் திட்டு தெரிஞ்ச உடனே அடிச்சிடணும், பூரா மஞ்சளானப்புறம் அடிச்சுப் பிரயோஜனம் இல்ல.

விதைப்பெட்டி:
நீலகிரிக்கு சம்பந்தமே இல்லன்னா 1954ல குன்னூர் பக்கத்து வெலிங்டன்ல எதுக்கு கோதுமை ஆராய்ச்சி நிலையம் வச்சாங்களாம்?

குன்னூரான்:
வருஷம் பூரா துரு கிடைக்குது, எந்த ரகம் தாங்குதுன்னு எந்த மாசமும் சோதிச்சுப் பார்க்கலாம், அதுக்குத்தான். அந்தப் பாத்திய தினம் தாண்டிப் போறவன் நான், எனக்கே பாடமா? மஞ்சள் துரு இங்க இருந்து பஞ்சாப் போச்சுன்னு ஒரே ஒரு ஆதாரம் காட்டுங்க.

விதைப்பெட்டி:
போகலன்னு நீங்க காட்டுங்க.