தாங்குநீட்சி: உடம்பை இறக்கும் தசைக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

தோப்புக்கரணம், தண்டால், பஸ்கி இவற்றைக் கொண்டே வேலை, ஆற்றல், திறன் மூன்றையும் விளக்கும் கையேடு ஒன்றைக் கும்பகோணம் வட்டாரத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்காக எழுதிவருகிறோம். ஒரு சொல் கிடைக்காமல் அதில் ஓர் இயலே நின்றுபோயிருக்கிறது. உடம்பை மேலே எழுப்பும்போது தசை சுருங்குகிறது. அதைச் சுருக்கம் என்கிறோம். உடம்பை மெல்லக் கீழே இறக்கும்போதும் தசை விசை கொடுக்கிறது, ஆனால் கொடுத்துக்கொண்டே நீள்கிறது. ஆங்கிலத்தில் 'எக்சென்ட்ரிக்' என்று வழங்கும் இந்தச் செயலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? குழுவில் வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் தோப்புக்கரணம் போடுகிறார். அவருடைய நிறைமையம் 40 செ.மீ. ஏறி இறங்குகிறது என்று கொள்வோம். ஒருமுறை எழுவதற்கு 60 × 9.8 × 0.4, ஏறக்குறைய 235 ஜூல் வேலை. நிமிடத்துக்கு 20 போட்டால் எழுவதற்கு மட்டும் சுமார் 4,700 ஜூல். சராசரித் திறன், அதாவது நொடிக்குச் செய்யும் வேலை, 78 வாட். இந்த 4,700 ஜூல் ஒரு கிலோகலோரியைச் சற்றே தாண்டும். தசையின் பயனுறுதிறன், அதாவது எரிக்கும் ஆற்றலில் வேலையாக மாறும் பங்கு, 20 முதல் 25 விழுக்காடுதான் என்பதால், இதற்காக உடல் எரிப்பது ஏறக்குறைய ஐந்து கிலோகலோரி. இதுவரை மாணவர்களுக்குச் சிக்கல் இல்லை. அடுத்த வரியில்தான் கேள்வி எழுகிறது: "எழும்போது கூட்டல் 235, உட்காரும்போது கழித்தல் 235. மொத்தம் சுழி. பிறகு தொடை ஏன் வலிக்கிறது?"

மிக நல்ல கேள்வி. உட்காரும்போது தசை தரும் விசை மேல்நோக்கி இருக்கிறது, இடப்பெயர்ச்சி கீழ்நோக்கி. ஆகவே தசை செய்யும் வேலை எதிர்க்குறி பெறுகிறது. புவியீர்ப்பு தந்த ஆற்றலைத் தசை வாங்கிக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. எழுவதற்காக எரித்த வேதி ஆற்றலோ திரும்பி வருவதே இல்லை. இயந்திரவியல் கணக்கில் சரியாக வரும் கழித்தல், உணவின் கணக்கில் செல்லாது.

அதற்காக இறங்குவதும் ஏறுவதும் உடலுக்கு ஒரே செலவு என்று எண்ணிவிடக்கூடாது. 1952இல் அபட், பிக்லாண்ட், ரிட்சி மூவரும் இங்கிலாந்தில் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. இரண்டு மிதிவண்டிப் பொறிகளை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகளைக் காலால் எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவரும் தரும் விசை ஒன்று, வேகமும் ஒன்று. ஆனால் மிதித்தவர் செலவிட்ட ஆக்சிஜன், தடுத்தவர் செலவிட்டதைப் போலப் பல மடங்கு. ஒரே சுமைக்கு, நீளும் தசையில் குறைவான நார்களே வேலையில் இறங்குகின்றன. எரிபொருள் செலவு அதனால் குறைகிறது. அதே காரணத்தால் ஒவ்வொரு நாரின் மேலும் விழும் பாரம் கூடுகிறது. நார்களில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கிறது.

மேடே காணாத நம் டெல்டாவில் இதை உணர்ந்து பார்க்கத் திருச்சி மலைக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். ஏற்றம் 80 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே 60 கிலோ மனிதர் உச்சிப் பிள்ளையாரிடம் போய்ச் சேரச் செய்யும் வேலை 47,000 ஜூல். கால் மணி நேரத்தில் ஏறினால் 52 வாட். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது. இறங்கும்போது பேசிக்கொண்டே வரலாம். ஆனால் பழக்கமில்லாதவர் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அதற்குப் பெரும்பாலும் இறங்கிய படிகள்தாம் காரணம். ஏறிய களைப்புக்குச் சொல் இருக்கிறது, இறங்கிய வலிக்குக் காரணமான செயலுக்குச் சொல் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய குறையாகப் படுகிறது.

இனிப் பரிந்துரைகள். 'மையவிலகு சுருக்கம்' என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆங்கிலச் சொல்லைப் பிரித்து எழுதியதைத் தவிர அதில் எதுவும் இல்லை. கணக்குப் பாடத்தில் கூம்பு வெட்டிகளின் மையத்தொலைத்தகவு (ஆங்கிலத்தில் 'எக்சென்ட்ரிசிட்டி') படித்த மாணவர், தசைக்குள் எந்த மையம் விலகுகிறது என்று தேடப்போகிறார். 'நீள்சுருக்கம்' கேட்க இனிமையாக இருந்தாலும், நீள்வதும் சுருங்குவதும் ஒரே மூச்சில் வந்து மோதிக்கொள்கின்றன. 'எதிர்மறை வேலை' ஓரளவு பொருந்தும். ஆனால் எதிர்மறை என்றதும் கூடாதது, கெட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இறங்கும் பாதியோ வலிமை வளர்க்க இன்றியமையாதது. கணக்கு எழுதும் இடத்தில் மட்டும் 'எதிர்க்குறி வேலை' என்று வைத்துக்கொள்வோம்.

தசை உண்மையில் என்ன செய்கிறது என்று கேட்டால் விடை நம் பேச்சிலேயே கிடக்கிறது: தாங்குகிறது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கும்போது யாரும் அதைத் தொப்பென்று போடச் சொல்வதில்லை. தாங்கி இறக்கு என்கிறோம். திருவரங்கத்தில் பெருமாளின் பல்லக்கைச் சுமப்பவர்கள் ஸ்ரீபாதம் தாங்கிகள். ஆகவே என் பரிந்துரை தாங்குநீட்சி. தாங்கிய, தாங்குகின்ற, தாங்கும் என மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை. முன்பாதி விசையைச் சொல்கிறது, பின்பாதி நீளத்தைச் சொல்கிறது. தாங்குநீட்சிப் பயிற்சி, தாங்குநீட்சி விசை என்று கிளைச் சொற்களும் தடையின்றி வருகின்றன. மைதானத்தில் ஆசிரியர், "மூன்று எண்ணும் வரை தாங்கி இறங்கு" என்று சொன்னால் விளக்கமே தேவையில்லை.

இச்செயலை இறக்கத்தோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பதற்குக் கோவை மருத்துவ நண்பர் எழுப்பிய தடை வலுவானது. ஓடும்போது முன்னே வீசப்படும் காலைத் தொடையின் பின்தசை இழுத்து நிறுத்துகிறது. அங்கே எந்தப் பாரமும் கீழே இறங்கவில்லையே என்கிறார். அதனால்தான் முதலில் என் மனத்தில் வந்த 'தாங்கிறக்கம்' என்ற வடிவத்தை விட்டு 'நீட்சி'யை எடுத்தேன். தாங்குவதற்குப் பாரம் மேலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. அடியைத் தாங்குகிறோம், புயலைத் தாங்கி நிற்கிறது தென்னை. எத்திசையிலிருந்து வரும் விசைக்கும் அச்சொல் இடம் தருகிறது.

இதற்கு இணையாக, நீளம் மாறாமல் விசை மட்டும் தரும் நிலையைத் தாங்குநிலை எனலாம். தண்டாலில் பாதி இறங்கி அப்படியே நிற்பது தாங்குநிலை. அங்கே இடப்பெயர்ச்சி சுழி, இயந்திர வேலையும் சுழி. ஆனால் தசைக்குள் எரிதல் நின்றுவிடவில்லை, கை நடுங்குகிறது. பழைய சாலையோரச் சுமைதாங்கிக் கற்களை வைத்து இந்த இயலைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக நட்ட கற்கள் அவை. 40 கிலோ சுமையை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் தாங்கி இறக்கினால் 588 ஜூல் எதிர்க்குறி வேலை, மறுபடி தோளேற்ற அதே 588 ஜூல். தோள் உயரத்துக் கல்மேல் சுமையை நகர்த்தி வைத்தவருக்கு இரண்டும் மிச்சம். கல் தன் பங்குக்கு எந்த ஆற்றலையும் செலவிடாமல் தாங்குகிறது. தசையால் அது முடியாது. தாங்குநிலைக்கும் கல்லின் தாங்கலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மாணவர் பிடித்துக்கொண்டால் இயலில் பாதி முடிந்தது.

யாழ்ப்பாணத்து ஐயா கேட்ட 'திறன்' பற்றி ஒரு வரி. ஈழத்துப் பாடநூல்களில் 'வலு' என்பதைத்தான் இங்கே 'திறன்' என்கிறோம். விளையாட்டுத் திடலில் திறன் என்றால் கைத்தேர்ச்சி என்றே பொருள்படும் என்ற அவர் வாதம் சரி. ஆனாலும் தமிழகப் பாடநூலை ஒட்டித் திறன் என்றே எழுதுவோம். முதல் இடத்தில் வலுவையும் சேர்த்தே குறிப்போம்.

தீராத ஒன்று மீதமிருக்கிறது. பஸ்கியில் விரைந்து அமர்ந்து உடனே துள்ளி எழும்போது, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கை மீட்சி ஆற்றலாக வைத்திருந்து திருப்பித் தருகிறது. மெல்ல இறங்கினால் அந்தப் பங்கு கிடைப்பதில்லை. தாங்குநீட்சியும் சுருக்கமும் இடைவெளியின்றிப் பிணைந்த அந்த இரட்டைச் செயலுக்கு 'நீட்சித்துள்ளல்' என்று எழுதிப் பார்த்தேன். ஓட்டத்துக்கு அது பொருந்துமா என்று மருத்துவ நண்பர்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து