சீனமொழி பேசுவோருக்கு 'ப்ராபப்ளி', 'பாஸிப்ளி', 'மேபி' வேறுபாட்டை எப்படிக் கற்பிப்பது?

கேள்வி (ஆற்காடு):
வணக்கம். செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் தைவான் நாட்டவர் சிலருக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். மற்ற இலக்கணமெல்லாம் நன்றாகவே வருகிறது. ஒன்று நடக்குமா நடக்காதா என்பதைச் சொல்லும் வினையடைகளில்தான் தடுமாறுகிறார்கள். "மோல்டு நாளைக்கு வந்துவிடுமா?" என்று கேட்ட நம் ஊர் மேற்பார்வையாளரிடம் ஒருவர் 'பாஸிப்ளி' என்று சொல்லியிருக்கிறார். வந்தாலும் வரலாம் என்று மட்டும் எடுத்துக்கொண்ட மேற்பார்வையாளர் காலை ஷிப்டுக்கு ஆள் போடவில்லை. மோல்டோ விடிந்ததும் வந்து இறங்கிவிட்டது. சொல்லுக்கு இத்தனை சதவீதம் என்று ஓர் அட்டவணை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் போதுமா?

பதில் 1 (காட்பாடி):
அட்டவணை பிறகு இருக்கட்டும். சிக்கல் அவர்களுடைய 'கெனங்' என்ற சொல்லில் இருக்கிறது. பெயர், பெயரடை, துணைவினை, வினையடை என எல்லா வேலையையும் அந்த ஒரு சொல்லே பார்ப்பதோடு, 'வரலாம்' முதல் 'அநேகமாக வருவார்' வரை எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். அகராதியில் முதலில் கண்ணில் படுவது 'பாஸிபிள்' என்பதால், 'ஹீ இஸ் பாஸிபிள் டு கம்' என்று கூசாமல் எழுதுவார்கள். ஆளை எழுவாயாக வைத்தால் அங்கே 'லைக்லி' வரும், 'பாஸிபிள்' வராது. 'ஹீ இஸ் லைக்லி டு கம்' என்ற வாக்கியத்துக்கே ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கலாம். 'தாகாய்' என்ற இன்னொரு சொல் 'சுமார்' என்றும் 'அநேகமாக' என்றும் பொருள்படுவதால், சுமார் ஐந்நூறு ரூபாய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ப்ராபப்ளி' நுழைந்துவிடும். ('பெரும்பாலும்' என்பதை நாமும் இரண்டு பொருளில்தான் ஆள்கிறோம்.)

பதில் 2 (குடியாத்தம்):
எதிர்மறையையும் சேர்த்துக் கற்பியுங்கள். சீனத்தில் 'பூ யீதிங்' என்றால் 'அப்படித்தான் என்று சொல்ல முடியாது'. 'யீதிங் பூ' என்றால் 'நிச்சயமாக இல்லை'. இடம் மாறினால் பொருள் மாறும் என்பது அவர்களுக்குப் பழகிய செய்தியாகையால், 'ஹீ வில் ப்ராபப்ளி கம்' என்பதில் துணைவினைக்குப் பின்னால் நிற்கும் சொல், 'ஹீ ப்ராபப்ளி வோன்ட் கம்' என்பதில் முன்னால் போவதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். 'மேபி', 'பெர்ஹாப்ஸ்' இரண்டும் பெரும்பாலும் வாக்கியத்தின் தலையில் வரும். 'கான்ட் பாஸிப்ளி' என்றால் வாய்ப்பே இல்லை என்பதையும் மறவாமல் சொல்லிவிடுங்கள்.

பதில் 3 (வேலூர்):
சதவீதத்தைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்க உளவுத் துறையில் பணியாற்றிய ஷெர்மன் கென்ட், 1964இல் வெளியிட்ட கட்டுரையில், 'ப்ராபபிள்' என்றால் 75 சதவீதம், அதில் சுமார் 12 கூடலாம் குறையலாம் என்று வரையறுத்தார். அதற்குக் காரணம், 1951ஆம் ஆண்டு அறிக்கையொன்றில் வந்த 'சீரியஸ் பாஸிபிலிட்டி' என்ற தொடருக்கு, அதைச் சேர்ந்து தயாரித்தவர்களே 20 முதல் 80 சதவீதம் வரை ஆளுக்கொரு பொருள் கொண்டிருந்ததுதான். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் அறிக்கைகளில் 'லைக்லி' என்பதற்குக் குறைந்தது 66 சதவீதம். எனவே அட்டவணை போடுவதானால், மேற்பார்வையாளருக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.