'ஏமாந்துட்டேன்' என்பதற்குப் போர்ச்சுகீஸில் எந்தச் சொல்? மாட்டிக்கொண்ட இடங்களைப் பகிருங்கள்

கடலோரவாசி:
லிஸ்பனில் வாடகைக்கு அறை பார்க்கப் போன ஒரு தமிழ்ப் பையன். படத்தில் இருந்த ஜன்னல் நேரில் இல்லை. 'ஏமாந்துட்டேன்' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மாவிடம் 'ஃபுய் எங்கனாடு' என்றான். அந்த அம்மா நீட்டிய சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எங்கனார் என்றால் பொய் சொல்லி மோசம் செய்வது. அவர் காதில் விழுந்தது 'என்னை மோசடி செய்துவிட்டாய்'. நினைத்தது கிடைக்காத வருத்தத்துக்கு 'ஃபிக்கெய் டெசெப்சியொனாடு' என்றிருக்க வேண்டும். ஏமாறுவதும் ஏமாற்றமும் தமிழில் ஒரே வேர், அங்கே இரண்டு சொல். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்குத் தலைகீழ்க் குழப்பம்: 'டிசெப்ஷன்' போல ஒலிப்பதால் டெசெப்சியொனாடுவைத்தான் மோசடி என்று எடுத்துக்கொள்வார்கள்.

எதனால் ஏமாற்றம் என்று சொல்ல 'கோங்' சேருங்கள்: டெசெப்சியொனாடு கோங் உ குவார்ட்டு, அறையால் ஏமாற்றம். பேசுபவர் பெண் என்றால் கடைசி 'டு', 'டா' ஆகும்.

வினைச்சொல்:
ஃபிக்கெய் (ஆனேன்) என்பதை விட்டுவிடாதீர்கள், உயிரே அதில்தான். வினை மாறினால் பொருளே மாறும். 'ஏலி எஸ்டா ஃப்ருஸ்ட்ராடு' என்றால் அவர் இப்போது வெறுத்துப்போயிருக்கிறார். 'ஏலி எ ஃப்ருஸ்ட்ராடு' என்றால் ஆளே வாழ்க்கையில் தோற்றுக் கசந்தவர். அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி இரண்டாவதைச் சொன்னால் அது வசவு.

போர்ட்டோ:
கடலோரவாசி, லிஸ்பன் என்று எழுதிவிட்டுப் பிரேசில் உச்சரிப்பைக் கொடுக்கிறீர்களே. போர்ச்சுகலில் டெசெப்சியொனாடுவில் வரும் 'ப்' ஒலிப்பதில்லை, 1990 எழுத்துமுறை ஒப்பந்தத்தால் எழுத்திலும் போய்விட்டது. அதோடு ஏமாற்றத்துக்கு இங்கே வாயில் இயல்பாக வருவது டெஸிலுடீடு. பிரேசிலில் அதையே சொன்னால் காதல் முறிந்த வாடை அடிக்கும்.

கடலோரவாசி:
உச்சரிப்பு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அந்த அம்மா கோபப்பட்டிருக்க மாட்டார்.

ரசீதுக்காரர்:
சொல்லைவிடப் புகார்ப் புத்தகம் முக்கியம். கடையிலோ உணவகத்திலோ விரக்தி என்றால் கவுண்டரில் கத்தாதீர்கள். 'கெரியா உ லிவ்ரு டெ ரெக்லமசோய்ங்ஷ், போர் ஃபவோர்' (தயவுசெய்து புகார்ப் புத்தகம் வேண்டும்) என்று கேளுங்கள். கெரியா என்பது 'வேண்டியிருந்தது' என்ற இறந்தகால வடிவம், அதுதான் மரியாதை. 'கேரு' (வேண்டும்) என்றால் அதட்டல் போல இருக்கும்.

இந்தப் புகார்ப் புத்தகம் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி போர்ச்சுகலில் மக்களுக்குச் சேவை தரும் கடைகளில் இருந்தே ஆக வேண்டும். உடனே, இலவசமாகத் தர வேண்டும். அடையாள அட்டை காட்டினால்தான் தருவோம் என்று சொல்ல முடியாது. மறுத்தால் போலீஸைக் கூப்பிடலாம். ஒவ்வொரு புகாரும் மூன்று பிரதி: மூலப்பிரதியைக் கடைக்காரர் கண்காணிப்பு அமைப்புக்கு அனுப்புவார், ஒன்று உங்களுக்கு, ஒன்று புத்தகத்திலேயே இருக்கும். உங்கள் பிரதியைக் கிழித்து வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எழுதும்போது ஃப்ருஸ்ட்ராடு, டெஸிலுடீடு இரண்டும் வேண்டாம். அந்தப் பக்கத்துக்குரிய சொல் 'இன்சாடிஷ்ஃபெய்ட்டு' (திருப்தியில்லை). தேதி, நேரம், கொடுத்த பணம், சொன்ன கெடு, நடந்தது, அவ்வளவே. உணர்ச்சியை எழுதினால் பதிலும் ஆறுதலாகத்தான் வரும், பணம் வராது.

சாவ்பாலோ:
கேட்டது புகார் எழுதும் முறை இல்லையே! பிரேசிலில் அடிக்கடி காதில் விழுவது 'எஸ்டோ டி சாக்கு ஷேயு'. சாக்கு நிரம்பிவிட்டது, இனி பொறுக்க முடியாது என்று பொருள். ஆனால் அந்தச் சாக்கு ஆணின் விதைப்பையையும் குறிக்கும். நண்பர்களிடம் சொல்லலாம், மேலதிகாரியிடமும் மாமியாரிடமும் வேண்டாம். அங்கே 'நாவ் அகுவெந்து மைஸ்' (இனித் தாங்காது) போதும்.

பேனா:
சின்ன ஏமாற்றத்துக்கு 'கி பேனா!', அடடா, பாவம். இறகுக்கும் போர்ச்சுகீஸில் பேனாதான். நாம் எழுதும் பேனா அந்த இறகிலிருந்து வந்தது. வருத்தத்தைச் சொல்லும் பேனா வேறு லத்தீன் வேர், ஒலி மட்டும் ஒன்று.