லக்சம்பர்க் தீர்ப்புகள் யார் பேனாவில்?

கருப்புக்கோட்டு:
லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் 27 நீதிபதிகள். ஒவ்வொருவருக்கும் கீழே 'ரெஃபரண்டேர்' எனும் சட்டச் செயலர்கள். வழக்கைப் பற்றி மற்ற நீதிபதிகளுக்குத் தரும் முன்னறிக்கை, தீர்ப்பின் முதல் வரைவு எல்லாம் பெரும்பாலும் இவர்கள் கைவண்ணம். நீதிபதியாக வேண்டுமென்றால் எல்லா உறுப்பு நாட்டு அரசுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும், தகுதியை அலசத் தனிக்குழு வேறு. செயலரை நீதிபதியே பார்த்துப் பொறுக்கிக்கொள்வார். சட்டத்தைச் செதுக்குவது முகம் தெரியாதவர்கள் என்றால் தப்பா?

மீனா ச:
தப்புதான் சார். முடிவெடுக்கும் அறைக்குள் நீதிபதிகள் மட்டும்தான். செயலருக்கு இடமில்லை, மொழிபெயர்ப்பாளருக்கும் இல்லை. ஆலோசனையைத் தூக்கி ஓரமாய் வைத்த கதையும் உண்டு. 1963, வான் கெண்ட் என் லோஸ் வழக்கு. மேற்கு ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு வந்த ரசாயனத்துக்குச் சுங்கவரி 3 சதவீதத்திலிருந்து 8 ஆனது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக ஒப்பந்தத்தைக் காட்டி இறக்குமதியாளர் உள்நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது என்றார் அட்வகேட் ஜெனரல் (தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்குத் தன் கருத்தைச் சொல்பவர்) கார்ல் ரோமர். முடியும் என்றது நீதிமன்றம். இன்றைய ஐரோப்பியச் சட்டமே அந்த அஸ்திவாரத்தில்தான் நிற்கிறது.

கருப்புக்கோட்டு:
ரோமர் சொன்னது அச்சில் இருக்கிறது, அதனால் ஏற்கவில்லை என்று உங்களால் சொல்ல முடிகிறது. செயலரின் வரைவில் எத்தனை வரி தப்பிப் பிழைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மாறுபட்ட தீர்ப்பு வெளியிடும் வழக்கமே அங்கே கிடையாது.

திண்ணைவாசி:
மொழியை விட்டுவிட்டீர்களே. உள்வேலை முழுக்கப் பிரெஞ்சு. நீதிபதிகளில் பெரும்பாலோருக்கு அது தாய்மொழி அல்ல. பழைய தீர்ப்பின் பத்திகளை அப்படியே எடுத்து அடுக்குவது அங்கே வழக்கம். எந்தப் பத்தி என்று தேர்ந்தெடுப்பவன் பாதித் தீர்ப்பை எழுதிவிட்டான்.

மீனா ச:
அதுவே கடிவாளமும்தானே? பழைய பத்தியைத் தாண்டிச் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் மற்ற நீதிபதிகளின் அலுவலகங்களிலிருந்து குறிப்பு பறந்து வரும்.

கருப்புக்கோட்டு:
அந்தக் குறிப்பை எழுதுவது யார்? இன்னொரு செயலர்!

திண்ணைவாசி:
:) வரைவை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள். கூன் லெனார்ட்ஸ் 1984-85இல் நீதிபதி ஜோலியேயின் செயலர். 2015 முதல் நீதிமன்றத் தலைவர். ஃபிரான்சிஸ் ஜேக்கப்ஸ், எலினோர் ஷார்ப்ஸ்டன் இருவருமே செயலராக இருந்து பின்னாளில் அட்வகேட் ஜெனரல் ஆனவர்கள். செல்வாக்கு என்றால் எனக்கு இதுதான்.

மீனா ச:
அவர்கள் பிறகு முறைப்படி நியமனம் பெற்றுத்தான் வந்தார்கள். சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

கருப்புக்கோட்டு:
தீர்ப்பின் அடியில் வரைந்தவர் பெயரைப் போடட்டும்.

மீனா ச:
நீதிபதிக்குப் பதவி ஆறு வருடம், மறுபடி வர சொந்த நாட்டு அரசு பெயர் கொடுக்க வேண்டும். அதனால்தான் யார் எந்தப் பக்கம் என்பதே ரகசியம். செயலர் பெயர் தெரிந்தால் அரசுகள் அந்தக் கதவைத் தட்டாதா?

கருப்புக்கோட்டு:
இப்போது மட்டும் தட்டவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?