இரட்டையர் டென்னிஸ்: மனசை விட்டுப் போகாத ஒரு புள்ளி (மலேசியாவின் சுங்கை சிப்புட் ஆட்டக்காரர்கள் பகிர்வு; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பால்மரம்

2014 மலேசிய ஓப்பன் இறுதியாட்டம், புக்கிட் ஜாலில் புத்ரா ஸ்டேடியம். இந்தியாவோட லியாண்டர் பயஸ், போலந்தோட மட்கோவ்ஸ்கி ஒரு பக்கம், ஜேமி மர்ரி–ஜான் பியர்ஸ் மறுபக்கம். முதல் செட்டை விட்டுட்டு, ரெண்டாவதை டைபிரேக்குல (6-6 ஆனதும் 7 புள்ளி வரைக்கும் ஆடுறது) எடுத்து, சூப்பர் டைபிரேக்குல (மூணாவது செட்டுக்குப் பதிலா 10 புள்ளி வரைக்கும் ஆடுறது) பயஸ் ஜோடி கோப்பையைத் தூக்குனது எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல.

பயஸ் முதுகுக்குப் பின்னால வச்ச அந்தக் கைதான் இன்னும் கண்ணுல நிக்குது. மட்கோவ்ஸ்கி சர்வ் போடப் போறார், பயஸ் நெட்டுல குனிஞ்சு நிக்கிறார். விரலைக் காட்டுறார், கையை மூடுறார், திறக்கிறார். சர்வ் எங்க போடணும், தான் குறுக்கே போவாரான்னு பார்ட்னருக்குச் சொல்ற சிக்னல் அது. பின்னாலிருந்து ஒரு 'யெஸ்' வந்ததும் கை ராக்கெட்டுக்குத் திரும்பிடுது. ரிட்டர்ன் போடுறவர் ராக்கெட்டை முன்னால வீசத் தொடங்குற நேரம் பாத்து பயஸ் அந்தப் பந்தை மறிக்க நடுவுக்கு வந்துட்டார். அப்போ அவருக்கு வயசு 41. அந்த வயசுல கால் வேகத்தை நம்பிக் குறுக்கே பாய முடியாது. எப்போ கிளம்பணும்ங்கிறதை அவ்வளவு துல்லியமாப் பிடிச்சு வச்சிருந்தார்.

நம்ம ஊர்ல பார்ட்னர் சர்வ் போட்ட உடனே நெட் ஆள் ஓட ஆரம்பிச்சிடுறாங்க. எதிராளி அதைப் பாத்துட்டு டிராம்லைன்ல (கோர்ட் ஓரத்துல இரட்டையருக்கான பட்டை) அடிச்சுட்டுப் போயிடுறான். அவன் பின்னால இழுத்த ராக்கெட் முன்னால வர ஆரம்பிக்கணும், கண்ணு பந்து மேல இறங்கணும், அப்பத்தான் கிளம்பணும். அதுக்கு மேல அவன் மாத்தி அடிக்க முடியாது.

செம்பனை ஓரம்

அண்ணே, நீங்க பயஸைப் புகழ்றது சரி. ஆனா அந்தக் கை வேலை செஞ்சதுக்குக் காரணம் மட்கோவ்ஸ்கியோட முதல் சர்வ். அது உள்ள விழலேன்னா எந்த சிக்னலும் செல்லாது. எனக்கு மறக்காதது 2024 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியாட்டம். இந்தியாவோட ரோஹன் போபண்ணா, ஆஸ்திரேலியாவோட எப்டன் ஜோடி, இத்தாலியோட போலெல்லி–வவாசோரி ஜோடிக்கு எதிரா ஆடுன முதல் செட் டைபிரேக். 7-0. இறுதியாட்டத்து டைபிரேக்குல எதிராளிக்கு ஒரு புள்ளிகூட விடல. ரெண்டாவது செட் 7-5. போபண்ணாவுக்கு 43 வயசு.

சரி, ஐ-ஃபார்மேஷன் (சர்வ் போடுறவரும் நெட் ஆளும் கோர்ட் நடுவுல ஒரே வரிசையா நிக்கிற முறை) நம்ம பசங்க செய்யும்போது எங்க சொதப்புதுன்னு சொல்லிடுறேன், யாரும் கேக்கலேன்னாலும்.

சர்வ் போடுறவர் பேஸ்லைன் (கோர்ட்டோட பின்கோடு) நடுக்குறிக்கு ஒரு அடி தள்ளி நிக்கணும். வழக்கமான இடத்துல நின்னா மறுபக்கம் ஓடிப் பிடிக்க நேரம் பத்தாது. நெட் ஆள் நடுக்கோட்டுக்கு மேல, நெட்டுலேர்ந்து ரெண்டு மீட்டர்ல உக்காரணும். தலை நெட் நாடாவுக்குக் கீழ இருக்கணும். பார்ட்னர் சர்வ் அவர் மேல பட்டா அது ஃபால்ட். (எதிர்ப்பக்கம், ரிட்டர்ன் போடுறவரோட பார்ட்னர் மேல பந்து தரையில குத்தாம பட்டா புள்ளி சர்வ் போட்டவங்களுக்கு. இதுக்கு வாக்குவாதமே வேணாம்.)

சர்வ் நடுக்கோட்டை ஒட்டி, இல்லேன்னா உடம்பைப் பாத்துப் போகணும். வெளிப்பக்கம் அகலமாப் போட்டா ரிட்டர்ன் போடுறவருக்குக் கோணம் திறந்துடும். ஒரு பக்கம் டிராம்லைன், இன்னொரு பக்கம் குறுக்கே. நடுவுல உக்காந்திருக்கிற ஆள் எதையும் எட்ட மாட்டார். முழு வேகமும் தேவையில்ல. முக்கால் வேகத்துல பத்துல ஏழு உள்ள விழுந்தாப் போதும்.

எழுந்ததும் பக்கவாட்டுல ஓடாதீங்க, நெட்டை நோக்கிச் சாய்வாப் போங்க. பக்கவாட்டுல ஓடுனா பந்து தாழ இறங்கிடும், அப்புறம் மேல தூக்கித்தான் போட முடியும். சர்வ் போட்டவர் எதிர்ப்பக்கம் ஓடணும். இதை மறந்துட்டு ரெண்டு பேரும் ஒரே பக்கம் போற கூத்துதான் இங்க நிறைய.

ரெண்டாவது சர்வுக்கு ஐ-ஃபார்மேஷன் வேணாம். மெதுவான பந்துல தலைக்கு மேல உயரத் தூக்கிப் போடுற லாப் விழும்.

லிந்தாங் ரோடு

ஜீவன் நெடுஞ்செழியன், விஜய் சுந்தர் பிரசாந்த். 2024 செப்டம்பர், ஹாங்சோ ஓப்பன். ஜெர்மன் ஜோடி ஃபிரான்ட்சன்–யெபென்ஸுக்கு எதிரா 4-6, 7-6, 10-7. ரெண்டும் தமிழ்நாட்டுப் பிள்ளைங்க, ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) போட்டியில பட்டம். இதைப் பத்தி நம்ம மாமாக் கடையில ஒருத்தர்கூடப் பேசல, அதுதான் வயித்தெரிச்சல். 2017 சென்னை ஓப்பனையும் போபண்ணாவோட சேர்ந்து ஜீவன் ஜெயிச்சிருக்கார்.

மனசுல நிக்கிறது ரெண்டாவது செட் டைபிரேக் 7-5ன்னு முடிஞ்சு ரெண்டு பேரும் நாற்காலிக்குப் போன நேரம். சூப்பர் டைபிரேக்குக்கு முன்னால கிடைக்கிற அந்த ரெண்டு நிமிஷத்துல, செட் தொடக்கத்துல மாதிரியே, ஜோடிக்குள்ள யார் முதல்ல சர்வ், யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன்னு மாத்திக்கலாம். எந்த டீம் சர்வ்ங்கிற வரிசை மட்டும் மாறாது. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இது தெரியாது, பழைய வரிசையிலயே போயிடுறாங்க.

ஈயக்குட்டை

40-40 ஆனா நல்லா ரிட்டர்ன் போடுற ஆளை அந்தப் பக்கம் நிறுத்திக்கலாம்ல? அந்த ஒரு புள்ளிக்கு அதுதானே ரூல்.

தமிழ்ப்பள்ளி வாத்தியார்

இல்லை தம்பி. 2006 முதல் ஏடிபி இரட்டையரில் 40-40க்கு ஒரே புள்ளிதான். பந்தைப் பெறும் ஜோடி, சர்வ் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இருவரும் இடம் மாறிக்கொள்ளக் கூடாது. செட் முழுக்க டியூஸ் பக்கம் (வலப்பக்கம்) நின்றவர் டியூஸ் பக்கமே நிற்பார். கிராண்ட் ஸ்லாமில் ஆண்கள் இரட்டையருக்கு இந்த விதியே கிடையாது, அட்வான்டேஜ் உண்டு (40-40க்குப் பிறகு இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும்).

செம்பனை ஓரம் சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. முதல் சர்வ் மட்டும் ஆட்டத்தைத் தீர்ப்பதில்லை. நம் பிள்ளைகள் பேட்மிண்டனில் வளர்ந்தவர்கள். நம் நாட்டு ஆரன் சியா–சோ வூய் யிக் ஜோடி 2022இல் உலக சாம்பியன் ஆன பிறகு ஒவ்வொரு கொட்டகையிலும் இரட்டையர்தான். முன்–பின் சுழற்சியும் பார்ட்னரோடு பேசிக்கொள்வதும் அவர்களுக்குக் கைவந்த கலை. கெடுப்பது மணிக்கட்டு. இறகுப்பந்தின் எடை சுமார் 5 கிராம், டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். நெட்டில் வாலி (பந்து தரையில் குத்துமுன் அடிப்பது) போடும்போது மணிக்கட்டைச் சுண்டினால் ராக்கெட் முகம் திரும்பி, பந்து நெட்டிலோ வேலியிலோ போய் விழும். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து குட்டையாகத் தள்ளுங்கள். ராக்கெட்டைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோகவே கூடாது. கான்டினென்டல் பிடி (சுத்தியலைப் பிடிப்பது போன்றது) ஒன்றே போதும், நெட்டில் பிடி மாற்ற நேரம் இல்லை.

இன்னொன்று: பேட்மிண்டனில் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே நின்று தாக்குவார்கள். டென்னிஸில் அப்படி நின்றால் இருவருக்கும் நடுவே கோணமாக ஒரு சாலையே திறந்துவிடும். இருவரும் நெட்டுக்குப் போங்கள், இல்லையென்றால் இருவரும் பின்னே வாருங்கள். எதிராளியின் சர்வ் பலமாக இருந்தால் ரிட்டர்ன் போடுபவரின் பார்ட்னரும் பேஸ்லைனிலேயே நிற்பது நல்லது.

பால்மரம்

வாத்தியார் ஐயா சொன்னதை ஒத்துக்கிறேன், ஒண்ணைத் தவிர. பார்ட்னரைப் பின்னால நிறுத்துனா சர்வ் பக்கத்து நெட் ஆளுக்கு டிராப் வாலி (பந்தை நெட்டை ஒட்டி மெதுவா இறக்குறது) ரொம்ப எளிது. முதல் சர்வுக்கு மட்டும் அப்படி நிக்கலாம், ரெண்டாவது சர்வுக்கு முன்னால வந்துடணும்.

சாயங்கால ஆட்டம்

நீங்க எல்லாரும் டிவியில பாத்ததைப் பேசுறீங்க. நான் நம்ம கிளப் கோர்ட் நெட்டைப் பேசுறேன். புத்ரா ஸ்டேடியத்துல நெட் நடுவுல சரியா 0.914 மீட்டர், கம்பத்துல 1.07. இங்க மழையில ஊறி வெயில்ல காஞ்சு கம்பி தளர்ந்துபோச்சு. யாராவது கம்பத்துச் சக்கரத்தைச் சுத்தி இறுக்குறாங்க, நடு ஸ்ட்ராப்பைத் தொடுறதே இல்ல, நடுவுல நெட் எகிறிப் போகுது. நடுக்கோட்டு சர்வ் போறது நெட்டோட தாழ்வான இடத்து மேல. அங்க நாலு விரல் ஏறினாலே நீங்க சொன்ன முக்கால் வேக சர்வ் நெட்டுல படுது, பழி சர்வ் போட்டவர் மேல.

அளக்க டேப் வேணாம். ஒரு ராக்கெட்டை நட்டமா நிறுத்தி, அதுக்கு மேல இன்னொரு ராக்கெட்டோட தலையைக் குறுக்கே வைங்க. நீளம் 27 அங்குலம், தலை அகலம் கிட்டத்தட்ட 9, மொத்தம் 36, அதுதான் அந்த 0.914 மீட்டர். நாடா அந்த மட்டத்துக்கு வர்ற வரைக்கும் ஸ்ட்ராப்பை இழுங்க. சிங்கிள்ஸ் குச்சி (ஒற்றையர் ஆட்டத்துக்கு நெட்டைத் தாங்குற குச்சி) நின்னா எடுத்துடுங்க. அது இருந்தா ஓரத்துல நெட் உயரமாயிடும், டிராம்லைன் ரிட்டர்ன் போற வழியில இடிக்கும்.

மழை விட்ட உடனே ஆடுனா பந்து தண்ணி குடிச்சு கனத்துடும், லாப் பாதியில இறங்கிடும். அன்னிக்கு நெட் ஆளைத் தாண்டி லாப் போட நினைக்காதீங்க, காலடியில தாழ அடிங்க.